கத்தியா, காத்திருப்பா?

சென்ற ஆண்டு மே மாதத்தின் நடுவில் ஒரு ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து நாம் அறைவீட்டினுள் நுழைந்த வேளையில், உபதேசியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். பீடச் சிறுவர்களுள் ஒருவன், பதினோரு வயதினன், கல்லறைத் தோட்டத்துப் புளியமரத்தில் சிக்கிய பந்தை எடுக்க ஏறியவன் கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார். விழும்போது அவனது இடது விலா கீழ்க்கிளை ஒன்றில் மோதியிருக்கிறது. பின்னரே தரையில் விழுந்திருக்கிறான்.

நாம் சென்று பார்த்தபோது பையன் மரத்தடியில் அமர்ந்திருந்தான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வேறு காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றான்; நான்கடி நடந்தான்; வயிற்றைப் பிடித்துக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தான். இடது தோள் வலிக்கிறது என்றான். தோளில் அடிபடவில்லையே, இது என்ன என்று வியந்தோம். முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போயிற்று. சுற்றி நின்ற பெண்களுள் ஒருவர், "பயந்துட்டான், சோடா வாங்கிக் குடுங்க" என்றார். நல்ல வேளையாக, பள்ளி ஆசிரியர் ஒருவர் அதைத் தடுத்து 108-க்குத் தொலைபேசினார். ஒரு மணி நேரத்தில் மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பையனைச் சேர்த்துவிட்டார்கள். நாமும் உபதேசியாரும் பின்னால் சென்றோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். சிறுவர் அறுவைப் பிரிவின் மருத்துவர், நாற்பது வயதுக்கு மேற்படாத ஓர் அம்மையார், வெளியே வந்து தகப்பனிடம் பேசினார். மண்ணீரல் இரண்டிடத்தில் பிளந்திருக்கிறது, வயிற்றினுள் குருதி கசிந்திருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்துக் கவனிப்போம், இப்போதைக்கு ஆப்பரேஷன் இல்லை என்பதே அவர் சொன்னது.

தகப்பன் கொத்தனார் வேலை பார்ப்பவர். அவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்றார். "சாமி, வயித்துக்குள்ள ரத்தம் கிடக்குன்னு அவங்களே சொல்றாங்க. சொல்லிட்டு, பார்ப்போம்னு படுக்கப் போட்டிருக்காங்க. காசில்லாதவன் பிள்ளைன்னுதானே?" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது.

நாமும் அவர் பக்கமே நின்றோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் நமக்குக் கல்வியில்லை. குருமடத்தில் பயின்றது மெய்யியலும் இறையியலுமே. ஆயினும் வயிற்றினுள் குருதி ஒழுகினால் வயிற்றைத் திறந்து அதை அடைக்க வேண்டும் என்பது கணக்குப் போலத் தெளிவாகத் தோன்றிற்று. நகரில் நமக்குத் தெரிந்த தனியார் மருத்துவமனை ஒன்றுக்குத் தொலைபேசி, இடமுண்டா, வண்டி அனுப்ப இயலுமா என்று கேட்கவும் தொடங்கினோம்.

அந்த அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றிய காலத்தில், திருமண வீடொன்றின் மாடிப்படியிலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி விழுந்தாள். இடது காதுக்கு மேலே சிறு வீக்கம். சற்று மயங்கினாள், பின் எழுந்து அழுதாள், ஓர் இலட்டைத் தின்று பிள்ளைகளோடு விளையாடவும் போய்விட்டாள். மாலையில் தலைவலி என்றாள், இருமுறை வாந்தி எடுத்தாள், பின் உறங்கினாள். கல்யாண வீட்டில் ஆடிய களைப்பு, தூங்கட்டும் என்றார்கள். இரவு எழுப்பியபோது எழவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தது. உடனே மண்டையோட்டைத் திறக்க வேண்டும், ஒப்பமிடுங்கள் என்றார் மருத்துவர். தகப்பன் நடுங்கிப் போனார். தாய்மாமன் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உறவினர் பலரும் சொன்னார்கள். அருகில் நின்ற நாமும், "பெரியவர் வரட்டுமே" என்றோம். இரண்டு மணி நேரம் சென்றது.

அறுவைச் சிகிச்சை நடந்தது, சிறுமி பிழைத்தாள். ஆனால் வலக்கையும் வலக்காலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்று அவள் ஓர் அலுவலகத்தில் நல்ல பணியில் இருக்கிறாள். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து ஒன்று நமக்கு வருகிறது, இடக்கையால் எழுதப்பட்டு.

பின்னாளில் அதன் விவரத்தைக் கேட்டறிந்தோம். மண்டையோட்டுக்கும் மூளையை மூடிய தடித்த உறைக்கும் இடையே ஓடும் குருதிக்குழாய் ஒன்று அடியினால் கிழிந்துவிடுவதுண்டு. மூளைக்கு நேரடியாக ஏதும் ஆகியிருக்காது. அதனால்தான் பிள்ளை எழுந்து விளையாடுகிறது. ஆனால் குருதி கட்டிக்கட்டி மூளையை ஒரு பக்கமாக நெருக்குகிறது. எலும்பில் ஒரு சாளரம் திறந்து, உறைந்த குருதியை அகற்றி, கிழிந்த குழாயை அடைத்துவிட்டால், மூளை மீண்டும் விரிந்து முழு நலம் பெறக்கூடும். அறுவை மருத்துவத்தில் இவ்வளவு எளிதாக ஓர் உயிரை முழுமையாக மீட்டுத் தரும் சிகிச்சைகள் மிகச் சிலவே. ஆனால் அது நேரத்தோடு செய்யப்பட வேண்டும். தலையில் அடிபட்டபின் நன்றாயிருந்த பிள்ளை சில மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தாலோ, உறக்கத்திலிருந்து எழுப்ப இயலாமற் போனாலோ, அதைக் களைப்பு என்று எண்ணற்க. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள வேளையில் ஒப்பமின்றியும் சிகிச்சை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் பெற்ற தகப்பன் எதிரில் நின்று தயங்கும்போது எந்த மருத்துவர் கத்தியைத் தொடத் துணிவார்?

அந்தச் சிறுமியை மனத்தில் வைத்துக்கொண்டே, பையனின் மருத்துவரிடம் நாம் சென்று, சற்றுக் கடுமையாகவே பேசினோம். ஏன் தாமதம் என்று கேட்டோம். அம்மையார் கோபிக்கவில்லை. ஒரு தாளின் பின்புறத்தில் மண்ணீரலை வரைந்து காட்டினார். "ஃபாதர், ஆப்பரேஷன் செய்யமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இப்போது செய்யமாட்டேன் என்றுதான் சொல்கிறேன்" என்றார். பின் எப்போது செய்வார் என்பதையும் விளக்கினார். குருதி ஏற்றியும் நாடித் துடிப்பு அடங்காமல் ஏறினால் செய்வார். பையனின் உடலில் உள்ள குருதியில் பாதியளவுக்கு மேல் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் செய்வார். வயிறு பலகைபோல் இறுகினால், குடல் கிழிந்திருக்கிறது என்று பொருள், அப்போதும் செய்வார். அறுவை அரங்கு ஆயத்தமாக இருக்கிறது, மயக்க மருத்துவருக்குச் சொல்லியாயிற்று, அவன் வகைக் குருதி இரண்டு பைகள் கீழே எடுத்து வைக்கப்பட்டுள்ளன என்றார். "இப்போது இவனை வண்டியில் ஏற்றி இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டு போவதுதான் ஆபத்து" என்றும் சொன்னார். நாம் யாருக்குத் தொலைபேசினோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

நாம் தகப்பனிடம் திரும்பி வந்து, இங்கேயே இருப்போம் என்றோம். அதைச் சொல்லும்போது நமக்கு முழு நம்பிக்கை இருந்ததென்று கூறமாட்டோம்.

இரவு பதினொரு மணிக்கு நாடி ஏறிற்று. செவிலியர் ஓடினார். அம்மையார் வந்தார், முதற் குருதிப் பையைத் தொங்கவிட்டார்கள். அரங்கின் விளக்குகளைப் போடச் சொன்னார். பின் கட்டிலருகில் நின்றார், உட்காரவில்லை. பையனின் மணிக்கட்டில் ஒரு விரலும் வயிற்றின்மேல் ஒரு கையுமாக நாற்பது நிமிடம் நின்றார். தாய் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அப்பொழுதுதான் ஒன்றை உணர்ந்தோம். நாம் 'சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள்' என்று எண்ணியது சும்மா இருப்பது அன்று. அறுவை மருத்துவர் அறுக்காமல் நிற்பதற்கு அறுப்பதைவிட மிகுந்த விழிப்பு வேண்டியிருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் நாடி இறங்கத் தொடங்கிற்று. அம்மையார் அரங்கின் விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை. விடியும்வரை எரியட்டும் என்றார்.

பையன் அறுவையின்றியே தேறினான். அதன்பின் இதைப் பற்றிப் படித்தும், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும் நாம் அறிந்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். ஏனெனில் நம்மைப் போன்றே எண்ணுகிற குடும்பங்கள் பல உள்ளன.

மண்ணீரல் என்பது இடது விலாவின் கீழ் ஒதுங்கியிருக்கும், உள்ளங்கையளவான, குருதி நிறைந்த உறுப்பு. அது இன்றியும் மனிதன் உயிர் வாழ்வதால், அதனால் பெரிய பயனில்லை என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. 1909-இல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் கோக்கர் போன்ற பெருமக்களே, அடிபட்ட மண்ணீரலை அகற்றிவிடுவதே முறை, அகற்றுவதால் தீங்கில்லை என்று கற்பித்தனர். அரை நூற்றாண்டு காலம் அதுவே விதியாக இருந்தது. மண்ணீரல் கிழிந்த குழந்தைகளுக்கெல்லாம் வயிறு திறக்கப்பட்டது, மண்ணீரல் வெட்டியெறியப்பட்டது, குழந்தைகள் பிழைத்து வீடு சென்றனர். எல்லாம் நன்மையாகவே தோன்றிற்று.

1952-இல் அமெரிக்காவின் கிங், ஷூமேக்கர் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். பரம்பரை இரத்தசோகை ஒன்றுக்காகப் பச்சிளம் பருவத்திலேயே மண்ணீரல் அகற்றப்பட்ட ஐந்து குழந்தைகளைப் பற்றியது அது. வாரங்களோ மாதங்களோ கழித்துக் கொடிய தொற்றுநோய் அவர்களைத் தாக்கியிருந்தது. இறந்த குழந்தையும் உண்டு. மண்ணீரல் வெறும் பையன்று, குருதியில் புகும் நுண்கிருமிகளை, சிறப்பாக நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் விளைவிக்கும் கிருமிகளை, வடிகட்டிப் பிடிக்கும் காவல் நிலையம் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. அதை இழந்த பிள்ளைக்குக் காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது மறுநாளைக்குள் உயிரையே கொண்டுபோய்விடக்கூடும். பலருக்கு அவ்வாறு நேர்வதில்லை. ஆனால் யாருக்கு நேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே மண்ணீரலை இழந்த பிள்ளைகளுக்கு இன்று உரிய தடுப்பூசிகளைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் பெனிசிலின் மாத்திரையும் தருகிறார்கள்.

அப்படியாயின் கிழிந்த மண்ணீரலை என்செய்வது? கனடா நாட்டு டொராண்டோ நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு செய்தியைக் கவனித்திருந்தார்கள். அவசரமாக வயிற்றைத் திறந்து பார்க்கும்போது, பெரும்பாலும் குருதிக் கசிவு தானே நின்றுபோயிருந்தது! நின்றுபோன கசிவை நிறுத்துவதற்காகவா ஓர் உறுப்பை வெட்டியெறிகிறோம் என்ற கேள்வி அவர்களுள் எழுந்தது. நிலைமை சீராயிருந்த பிள்ளைகளை அறுக்காமல் கவனித்துப் பார்த்தனர், பிள்ளைகள் தேறினர். இவ்வனுபவத்தை 1968-இல் கட்டுரையாக வெளியிட்ட இருவருள் ஒருவர் சிம்ப்சன்; மற்றவர் நம் நாட்டவரான புருஷோத்தம் உபாத்யாயா. அவர் பின்னர் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் சிறுவர் அறுவைத் துறையை நடத்தியவர். மூளையில் நீர்கோத்துத் தலை வீங்கும் குழந்தைகளுக்காகக் குறைந்த விலையில் ஒரு வடிகுழாயை வடிவமைத்தவரும் அவரே. அவர்களது கருத்தை மேலை நாடுகளின் அறுவை மருத்துவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அறுக்காத அறுவை மருத்துவனா என்று நகைத்தோரும் இருந்திருக்கக்கூடும். ஸ்கேன் கருவி பிறக்காத காலம் அது. வயிற்றின்மேல் வைத்த கையும் எண்ணிய நாடியுமே அவர்களுக்கு வழிகாட்டின. இன்று, மண்ணீரலில் அடிபட்டு நாடியும் இரத்த அழுத்தமும் நிலையாக உள்ள குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கத்தி படாமலே குணமடைகிறார்கள். கல்லீரல், சிறுநீரகக் காயங்களுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். குழந்தைகளிடம் தொடங்கிய இப்பழக்கத்தைப் பின்னர் பெரியவர்களுக்குச் சிகிச்சை செய்வோரும் பின்பற்றலாயினர்.

குழந்தையின் உடல் பெரியவரின் உடலைச் சிறிதாக்கிச் செய்தது அன்று. அதன் மண்ணீரலை மூடிய உறை ஒப்புநோக்கத் தடித்தது. கிழிந்த குழாய்கள் விரைந்து சுருங்கிக்கொள்ளும். விலா எலும்புகள் பச்சை மூங்கில்போல் வளைந்து கொடுக்கும். அதனால் எலும்பு முறியாமலே உள்ளுறுப்பு நசுங்கிவிடும். வெளிக்காயம் இல்லை, எலும்பும் முறியவில்லை என்று நாம் ஆறுதலடைவது இதனால்தான் பிழையாகிறது. முப்பது கிலோ எடையுள்ள சிறுவனின் உடலில் உள்ள குருதி இரண்டரை லிட்டருக்கும் குறைவு. அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழக்கும்வரை அவன் உடல் குழாய்களை இறுக்கி, நாடியை விரைவாக்கி, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன்பின் திடீரென்று சரிந்துவிடும். அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். முகம் வெளுத்தல், கைகால் குளிர்தல், விரைந்த நாடி ஆகியவையே முன்வரும் தூதர்கள். நம் பையனின் இடது தோள் வலியும் அத்தகைய தூதனே: மண்ணீரலிலிருந்து கசிந்த குருதி உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியுமாம்.

சிறுவர் அறுவை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததற்கே காயமுற்ற குழந்தைகள்தாம் காரணம் என்று ஒரு வரலாறு சொல்வார்கள். 1917 டிசம்பர் 6-ஆம் நாள், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில், வெடிமருந்து ஏற்றிய மோன்ட் பிளாங்க் என்னும் பிரெஞ்சுக் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர்; ஒன்பதாயிரம் பேர் காயமுற்றனர். எரியும் கப்பலைச் சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்களில் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து உதவிக்குச் சென்றோருள் வில்லியம் லாட் என்னும் அறுவை மருத்துவர் ஒருவர். அங்கே கண்ட குழந்தைகளின் துயரமே, வாழ்நாள் முழுவதையும் சிறுவர் அறுவைக்கு அவர் அளிக்கக் காரணமாயிற்று என்பர். அது பின்னாளில் அழகுபடுத்தப்பட்ட கதை என்பாரும் உளர். எவ்வாறாயினும், அவரும் அவருடைய மாணவர் கிராஸும் 1941-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, அறுவையே வேண்டாம் போலும் என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. கத்தி ஒன்றே காக்கும் இடங்கள் உள. சைக்கிளிலிருந்து விழும் பிள்ளையின் மேல்வயிற்றில் கைப்பிடியின் முனை குத்துவதை எடுத்துக்கொள்வோம். வெளியே ஒரு ரூபாய் நாணயமளவு கன்றிய வட்டம் மட்டுமே தெரியும். உள்ளே முன்சிறுகுடலோ கணையமோ முதுகெலும்போடு சேர்ந்து நசுங்கியிருக்கக்கூடும். குடல் கிழிந்தால் அது தானே கூடாது. நஞ்சு வயிறெங்கும் பரவும். முதல் நாளில் ஸ்கேனும் சில வேளை அதைக் காட்டாது. ஆகவே மருத்துவர் "இன்னொரு நாள் இருக்கட்டும்" என்றால், படுக்கைக் கணக்குக்காகச் சொல்கிறார் என்று எண்ணிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரற்க. மீண்டும் மீண்டும் அதே கை அதே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்தான் உண்மை வெளிப்படும்.

குருதி நில்லாமல் ஒழுகும் குழந்தையிடம் காத்திருப்புக்கு இடமில்லை. அங்கும் இக்காலத்து முறை வியப்புக்குரியது. குருதி குறைந்து, உடல் குளிர்ந்து, குருதி உறையும் தன்மையையே இழந்து வரும் குழந்தையை மணிக்கணக்கில் அரங்கில் வைத்து எல்லாவற்றையும் செப்பனிட முயன்றால் அது மேசையிலேயே இறந்துவிடும். எனவே ஒழுகும் இடத்தைத் துணி அடைத்து அழுத்தி, கிழிந்த குடலைக் கட்டிவிட்டு, பாதியிலேயே நிறுத்தி வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். உடலைச் சூடாக்கி, குருதி ஏற்றி, ஓரிரு நாள் சென்றபின் மீண்டும் திறந்து எஞ்சியதை முடிக்கிறார்கள். "வயித்தைத் தைக்காம அப்படியே கொண்டாந்துட்டாங்க" என்று உறவினர் கூச்சலிடுவதைக் கேட்டதுண்டு. வேலை தெரியாமல் விட்டதன்று அது.

கைகால் முறிவுகளைப் பற்றி ஒன்றே சொல்வோம். பிள்ளைகளின் எலும்பு முறிவு பெரும்பாலும் மாவுக்கட்டிலேயே கூடிவிடும். ஆனால் முழங்கைக்கு மேலே முறிந்து விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தால், அல்லது இறுகக் கட்டிய மூங்கிற் பத்தையின் கீழ் வலி பெருகி விரலை நீட்ட இயலாமற்போனால், உடனே கட்டை அவிழ்த்து அறுவை மருத்துவரிடம் ஓட வேண்டும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். கட்டின் இறுக்கத்தால் கையை இழந்த பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் எல்லாருமே கண்டிருக்கிறார்கள்.

நம் இல்லங்களில் குழந்தைகளைப் பெரிதும் வதைப்பது கொதிக்கும் கஞ்சியும் சாம்பாரும் எண்ணெயுமே. வெந்த இடத்தில் மையும் பற்பசையும் முட்டையும் பூசாமல், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதே முதலுதவி. ஆழ வெந்த புண்ணில் அறுவையின் பணி இரண்டு காலங்களில் நிகழ்கிறது. முன்னெல்லாம் செத்த தோல் தானே உதிரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் சீழ் வைத்துப் பலர் இறந்தனர். அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய சுலோவேனியாவில் உள்ள மாரிபோர் நகரில், சோரா யான்செகோவிச் என்னும் பெண் அறுவை மருத்துவர், முதற் சில நாள்களிலேயே செத்த தோலை மெல்லிய ஏடுகளாகச் சீவியெடுத்து, குருதி கசியும் நலமான அடித்தளத்தைக் கண்டவுடன் பிள்ளையின் சொந்தத் தோலை அங்கு ஒட்டினார். அவரது கட்டுரை 1970-இல் வெளிவந்தபின் உலகம் அவ்வழியைப் பின்பற்றிற்று. மண்ணீரலில் அறுக்காமல் காக்கக் கற்ற அதே தலைமுறைதான் தீப்புண்ணில் முந்தி அறுத்துக் காக்கவும் கற்றுக்கொண்டது.

இரண்டாம் காலம் நெடியது. பிள்ளை வளரும்; தழும்பு வளராது. கழுத்திலும் அக்குளிலும் விரலிடுக்கிலும் அது கயிறுபோல் இழுக்கும். ஆகவே ஒருமுறை விடுவித்த தழும்பை, பிள்ளை வளர வளர, மீண்டும் விடுவிக்க வேண்டியிருக்கும். முதல் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பெற்றோர் மனமுடைந்து, பாதியில் விட்டுவிடுகிறார்கள். தோற்கவில்லை, பிள்ளை வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. பெண் குழந்தையாயின் பார்வைக்கு அஞ்சி வீட்டிலேயே ஒளித்து வைக்கும் குடும்பங்களும் உள்ளன. அத்தகைய இல்லம் ஒன்று நம் பங்கிலும் இருந்ததை மூன்றாண்டுகள் நாமே அறியாமல் இருந்தோம். கழுத்துத் தழும்பால் தாடை மார்போடு ஒட்டியிருந்த அக்குழந்தைக்கு இதுவரை இரண்டு அறுவைகள் முடிந்துள்ளன. தலையை நிமிர்த்துகிறாள், மூன்றாவது அறுவை வரும் விடுமுறையில்.

விபத்து என்றால் போலீசும் பணமும் நினைவுக்கு வந்து கால்கள் தயங்குவதுண்டு. 108 வண்டி தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்குப் பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. அச்சட்டம் இத்தகையவருக்குத் தந்திருக்கும் பெயர் நம் வாசகர் அனைவருக்கும் தெரிந்த பெயர்தான்: நல்ல சமாரியன்.

பையன் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினான். ஆறு வாரம் ஓட்டமில்லை, சைக்கிள் இல்லை, மரமில்லை என்று அம்மையார் எழுதிக் கொடுத்திருந்தார். நான்காம் வாரத்தில் புனித அந்தோனியார் திருவிழா வந்தது. சப்பரத்துக்கு முன்னால் பாடுபட்ட சுரூபம் ஏந்திச் செல்வது ஈராண்டாக அவன் பணி. மாலையில் தகப்பன் அறைவீட்டுக்கு வந்து, "சாமி, மெதுவாத்தானே நடப்பான், விடலாமா?" என்று கேட்டார். நாம் அந்தத் தாளைக் காட்டினோம். அவர் அதை வாங்கிப் படிக்காமலே தலையசைத்தார். பையன் கோவில் வாசற்படியில் அமர்ந்து, தன் இடத்தில் வேறொருவன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் வாரத்தில் ஒருநாள் மாலை, கல்லறைத் தோட்டத்தின் பக்கம் நடந்து சென்றபோது அவனைப் புளியமரத்தடியில் கண்டோம். ஏறவில்லை. பந்து இன்னும் மேலே அதே கிளையிடுக்கில்தான் இருந்தது. ஒரு நீண்ட தொரட்டியை எங்கிருந்தோ கொண்டுவந்து, அண்ணாந்தபடி அதை எட்டிக்கொண்டிருந்தான்.